ஆறு போட்ட சாலை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "எனக்கு ரிப்போர்ட் எழுதத்தான் வரும், கட்டுரை வராது" என்றேன். "ரிப்போர்ட்டையே எழுது, நாங்க கட்டுரைன்னு போட்டுக்கறோம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஆகவே நண்பர்களே, குற்றம் என்னுடையது மட்டுமல்ல.

எழுத உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தது ஒரு சாலை. நம்மில் பெரும்பாலோர் அதில் ஒருமுறையாவது போயிருப்போம். ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கல்லணைக்குக் குளிக்கக் கிளம்பி, வார்டனிடம் மாட்டிக்கொண்டவர்கள் பெயர்ப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கல்லணையில் தொடங்கி, காவிரியோடு கூடவே கிழக்கே போய், கடலில் முடிகிற மாநில நெடுஞ்சாலை 22-தான் நான் சொல்லப் போகும் சாலை. அரசு ஏடுகளில் அதற்குக் கல்லணை–காவிரிப்பூம்பட்டினம் சாலை என்று பெயர். திருச்சி நகரத்திலிருந்து அது தொடங்கும் இடம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், ஆடுதுறை, மயிலாடுதுறை என்று நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் நிற்கிறது.

மேட்டில் ஓடும் ஆறு

2009 ஜனவரியில் எங்கள் செட்டுக்கு சர்வே கேம்ப் கல்லணையில்தான் நடந்தது. முதல் நாள் வேலை சுலபமானது. காவிரிக் கரையின் உச்சியில் தொடங்கி, ஆற்றுக்குச் செங்குத்தாக வயலுக்குள் போய், இருபது மீட்டருக்கு ஒருதரம் ஸ்டாஃப் வைத்து லெவல் எடுக்க வேண்டும். எங்கள் குழு எடுத்த ரீடிங்கைப் பார்த்து நாங்களே பயந்துவிட்டோம். ஆற்றைவிட்டுத் தள்ளிப் போகப் போகத் தரை இறங்கிக்கொண்டே போனது. ஆறு என்றால் பள்ளத்தில்தானே ஓடும்? ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று முடிவுகட்டி, புளியமரத்தடியில் உட்கார்ந்து நோட்டைத் 'திருத்த' ஆரம்பித்தோம். யார் ரப்பர் எடுத்தது என்று இங்கே சொல்லமாட்டேன். அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார்.

சர்வே எடுத்த சார் பின்னால் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. திட்டவில்லை. "முதல்ல எழுதினதுதான் சரி. ஏன் சரின்னு யோசிச்சு, ராத்திரி சாப்பிட வர்றப்ப சொல்லுங்க" என்றார்.

அன்று ராத்திரி அவரே விளக்கினார். வெள்ளம் வரும்போது ஆறு வண்டலையும் மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கரையைத் தாண்டி வழிகிற கணத்தில் வேகம் குறைந்துவிடும். கனமான மணல் உடனே கரை ஓரத்தில் விழுந்துவிடும். லேசான வண்டல் மட்டும் தள்ளிப் போய்ப் படியும். இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் நடந்தால் ஆற்றின் இரண்டு ஓரமும் உயர்ந்து, ஆறே ஒரு மேட்டின் முதுகில் ஓடுவதுபோல் ஆகிவிடும். டெல்டாவின் ரகசியம் இதுதான். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஒவ்வொன்றும் தன் தன் மேட்டில் ஓடுகிறது. இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருக்கும் தாழ்வுதான் வயல். மதகைத் திறந்தால் போதும், தண்ணீர் தானாக இறங்கிப் பாயும்.

கரைக்கும் ஆற்று நீருக்கும் இடையில் ஒதுங்கிக் கிடக்கும் வண்டல் நிலத்துக்கு நம் பக்கத்தில் படுகை என்று பெயர். வாழை, கரும்பு, மூங்கில், வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் இந்தப் படுகைகளில்தான் செழிக்கும். 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை இந்த வண்டலின் பிள்ளை. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் பூசி அச்சு எடுப்பதும் இதே காவிரி வண்டலைத்தான்.

கோடையிலும் மழையிலும் நனையாமல் ஒருவன் நடக்க வேண்டுமானால், டெல்டாவில் அவனுக்கு இருக்கும் ஒரே இடம் ஆற்றின் மேடு. ஊர் அங்கேதான் அமையும், கோயில் அங்கேதான் எழும், வழியும் அங்கேதான் விழும். அதனால்தான் இந்தச் சாலையின் அலைன்மெண்டை எந்த இன்ஜினியரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நான் சொல்வது வழக்கம். ஆறு போட்டுக் கொடுத்தது. நாம் மேலே தார் ஊற்றினோம், அவ்வளவுதான்.

முதல் பயணிகள்

இந்த வழியில் நடந்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஜோடி கோவலனும் கண்ணகியும். விடியுமுன் புகாரைவிட்டுக் கிளம்பி, காவிரியின் வடகரைச் சோலைகள் வழியாக மேற்கே நடந்து, வழியில் கவுந்தியடிகளைத் துணை சேர்த்துக்கொண்டு, உறையூர் வழியாக மதுரை போகிறார்கள். இன்றைய சாலை பல இடங்களில் மறுகரையில் போகிறது என்றாலும் தடம் அதேதான். நாம் கல்லணையிலிருந்து பூம்புகாருக்குப் போகிறோம், அவர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள்.

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த சிலப்பதிகாரத்தை, வேலைக்கு வந்தபின் ஒரு தரம் இன்ஜினியர் கண்ணோடு படித்துப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. போகும் வழியின் கஷ்டத்தைக் கவுந்தியடிகள் ஒரு ரூட் சர்வே மாதிரியே சொல்கிறார். சோலை வழியாகப் போனால் கிழங்கு தோண்டிய குழிகளைப் பூக்கள் மூடிக் கிடக்கும், கால் இடறும். வயல் வழியாகப் போனால் நத்தையும் நண்டும் காலில் மிதிபடும். அதாவது கரை மேடு ஒரு வழி, வயல் வரப்பு ஒரு வழி. இரண்டே இரண்டு மாற்று அலைன்மெண்ட்.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். நடந்துபோகிறவர்கள் காதில் ஏற்றம் இறைக்கும் ஓசை விழவில்லையாம். வாய்த்தலையில் காவிரிப் புதுநீர் மோதி இறங்கும் ஓசைதான் ஓயாமல் கேட்டதாம். எங்கள் சார் ஸ்டாஃப் வைத்து நிரூபித்ததைக் கவிஞர் காதால் கேட்டு எழுதிவிட்டார். ஆறு மேட்டில், வயல் பள்ளத்தில். இறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வதியும் வாய்க்காலும்

சோழர் காலத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் நிலம் தானம் கொடுத்தால் அதன் இடத்தை எப்படிக் குறிப்பார்கள் தெரியுமா? இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம் என்று வரும். வதி என்றால் வழி. அந்த வதிக்கும் வாய்க்காலுக்கும் பெரும்பாலும் ராஜா, ராணி பெயர்கள். நாம் கிராஃப் ஷீட்டில் எக்ஸ், ஒய் என்று இரண்டு அச்சு போடுகிறோமே, அதே வேலைதான். ஓர் அச்சு வழி, இன்னோர் அச்சு தண்ணீர்.

எனக்கு இதில் பிடித்தது கணக்கு மட்டுமல்ல. வழியையும் தண்ணீரையும் ஒரே தாளில், ஒரே வாக்கியத்தில் எழுதினார்கள். இன்றைக்கு சாலை ஒரு துறை, தண்ணீர் ஒரு துறை. இரண்டு துறையின் டிராயிங்கும் ஒரே மேசையில் விரிக்கப்படுவது எப்போது என்பது அந்தந்த ஊர் ராசியைப் பொறுத்தது.

கல்லணையும் காட்டன் துரையும்

சாலை தொடங்கும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம், தெற்குக் கிளை காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவு முடியும் இடத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு; விட்டால் காவிரித் தண்ணீர் முழுக்க அதில் விழுந்து நேராகக் கடலுக்குப் போய்விடும். அந்த வாயை அடைக்கத்தான் கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாம்பு நெளிவதுபோல் வளைந்த உடம்பு, 329 மீட்டர் நீளம். மணலில் கல்லைப் போட்டால் கீழே இறங்கும். அதன்மேல் இன்னொரு கல். இறங்குவது நிற்கும்வரை போட்டுக்கொண்டே போவது. தூண் இறக்கவில்லை, பைல் அடிக்கவில்லை.

1804-ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, அணையின் உச்சியை இரண்டேகால் அடி உயர்த்தலாம் என்றார். பிறகு வந்தவர் ஆர்தர் காட்டன். அவர் காலத்தில் காவிரி மணல்மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது; தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. 1836-ல் முக்கொம்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்து அதைச் சரிசெய்தார். ஆழமறியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதினார். கற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ளும் இன்ஜினியரை எனக்குப் பிடிக்கும். நம் தொழிலில் அது அபூர்வம்.

அந்த மேலணை 182 வருஷம் நின்றது. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு அதன் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. நம் செட் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. பிறகு அங்கே புதிய கதவணை எழுந்தது.

ரயிலும் பஸ்ஸும்

1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது, 1862-ல் திருச்சிக்கு. 1870-களின் கடைசியில் கும்பகோணம், மாயவரம் பக்கமும் தண்டவாளம் வந்துவிட்டது. நெல்மூட்டைக்கு ரயில், ஆளுக்கும் வெற்றிலைக் கட்டுக்கும் வண்டிப்பாதை என்று வேலை பிரிந்தது. கரை வழியே வண்டி ஓடியதில் ஆற்றுக்கும் லாபம் உண்டு. ஆள் நடமாட்டம் இருக்கும் கரையில் எலிவளையோ விரிசலோ கண்ணில் படாமல் போகாது. வெள்ள ராத்திரியில் மண்மூட்டை ஏற்றிய வண்டி வந்து சேரவும் அதே பாதை. கரை சாலையைத் தாங்கியது, சாலை கரையைக் காவல் காத்தது.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி என் பாட்டிக்கு அவருடைய அம்மா சொன்ன கதைகள் எங்கள் வீட்டில் இன்னும் உண்டு. பத்து வருஷம் கழித்து, 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. அதே சமயம் கல்லணையிலிருந்து புது ஆறு என்று ஜனங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டது. அதன்பிறகு டெல்டாவில் ஒரு காலண்டர் நிலைத்தது. தை மாதத்தில் மேட்டூர் மூடும், ஜூன் 12 வந்தால் திறக்கும் என்பது எதிர்பார்ப்பு. இடையில் உள்ள மாதங்களில் ஆறு வெறும் மணல். பாலம் கட்டுவதும், மதகு பழுது பார்ப்பதும், சாலைக்கு சர்வே எடுப்பதும் எல்லாம் அந்த வறண்ட மாதங்களில்தான்.

இங்கேதான் என் சொந்தக் கதை வருகிறது.

சித்திரையில் அளந்தவன்

படிப்பு முடித்து மூன்றாவது வருஷம். ஒரு கன்சல்டன்சியில் வேலை. டெல்டாவில் ஓர் ஊருக்குப் புறவழிச்சாலை போட டிராயிங் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம். புறவழிச்சாலை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. பழைய கரைச்சாலையில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளில் போகும் நேரத்தில் கரும்பு லாரியும் வரும். அந்த ஊர்க்காரர்களே மனு மேல் மனு கொடுத்துத்தான் புறவழிச்சாலை கேட்டார்கள்.

புறவழி என்றால் ஆற்று மேட்டைவிட்டு இறங்கி, வயலுக்குக் குறுக்கே மண்மேடு போட்டு நேராகப் போவது. நேர்கோடு பார்க்க அழகாக இருக்கும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்திலெல்லாம் கல்வெர்ட் போட வேண்டும். நான் சர்வே எடுத்தது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். வயல் வெடித்துக் கிடந்தது. ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். மேப்பில் நீலக்கோடு இருந்த இடத்தில் எல்லாம் ஒழுங்காக ஹ்யூம் பைப் குறித்தேன். நீலக்கோடு இல்லாத இடத்தில் ஒற்றையடிப் பாதை மாதிரி சில பள்ளங்கள் தெரிந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் நடந்த தடம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவை வடிகால். மேலே உள்ள வயலின் மழைத்தண்ணீர் கீழே இறங்கும் வழி அது ஒன்றுதான்.

சாலை முடிந்து வந்த முதல் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பிடித்தது. சாலைக்குக் கிழக்கே வயல் பச்சையாக இருந்தது, மேற்கே ஏரிபோல் நின்றது. சம்பா நடவு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. கம்பெனியிலிருந்து போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். கார் நின்ற இடத்தில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். சத்தம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். ஒருவரும் சத்தம் போடவில்லை. வயதான ஒருவர் மட்டும் கிட்டே வந்தார்.

"தம்பிதான் அன்னிக்கு அளந்தவரா?"

"ஆமாங்கய்யா."

"சித்திரையில வந்து அளந்தீங்க. ஐப்பசியில ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்ல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே பக்கத்தில் நின்ற பையனைக் கூப்பிட்டு, "தம்பிக்கு டீ வாங்கிட்டு வாடா" என்றார். அந்த டீ எப்படி இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும்.

அவரோடு அன்று முழுக்க வரப்பில் நடந்தேன். எந்தக் கன்னி வாய்க்கால் எந்த வயலில் பாய்ந்து, எந்த வடிகாலில் விழுந்து, எந்த ஆற்றில் சேருகிறது என்று கை நீட்டி நீட்டிச் சொன்னார். மேல்பக்க வயலுக்கு வடிகாலாக இருப்பது கீழ்ப்பக்க வயலுக்குப் பாசன வாய்க்காலாக மாறும் இடத்தைக் காட்டினார். என் மேப்பில் எதுவும் இல்லை. அவர் தலையில் எல்லாம் இருந்தது. அடுத்த கோடையில் சாலையை இரண்டு இடத்தில் வெட்டிப் புது கல்வெர்ட் போட்டார்கள். அதற்கான டிராயிங்கை நான்தான் வரைந்தேன். ஆனால் அந்த ஒரு வருஷத்துச் சம்பா திரும்பி வரவில்லை. நஷ்டம் அவர்களுக்கு, பாடம் எனக்கு என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பழைய கரைச்சாலையை நான் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தேன். அது வளைந்து வளைந்து போவதைப் பார்த்து, மாட்டுவண்டிக் காலத்துச் சாலை என்று நாம் சிரித்திருக்கிறோம். அது ஆற்று மேட்டின் முதுகிலேயே போவதால், வயல் தண்ணீர் எதையும் மறிப்பதில்லை. தண்ணீர் அதன் இரண்டு பக்கமும் விலகி இறங்குகிறது. அது கடக்க வேண்டியவை தலைமதகுகள் மட்டும்தான். பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு மதகின் மேலும் லேசாக ஒரு தூக்கல் தெரியும். நாம் நேர்கோடு போடும்போது, அந்த ஆறு ஆயிரக்கணக்கான வருஷம் செய்து வைத்த கணக்கை ஒரே சீசனில் நாம் மறுபடி போட்டாக வேண்டும். கணக்குத் தப்பினால் மார்க் குறைவது நமக்கல்ல.

புதுச்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழைப்பே அதில்தான். ஆனால் நம் சங்கத்தில் சாலைத் துறையிலும் இருக்கிறார்கள், நீர்வளத் துறையிலும் இருக்கிறார்கள், கன்சல்டன்சி, கான்ட்ராக்ட் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். டெல்டாவில் எந்த வேலை வந்தாலும், டிராயிங்கில் கையெழுத்துப் போடும் முன் ஐப்பசி மழையில் ஒருநாள், குடை பிடித்துக்கொண்டாவது, அந்த வரப்பில் நடந்து பாருங்கள். கூடவே அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். டீ நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

சங்கமம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவசரமாக ஊர் திரும்பாதவர்கள் காலையில் கல்லணைக்கு வாருங்கள், இந்தமுறை வார்டன் பயம் இல்லை. அங்கிருந்து கரைச்சாலையில் திருவையாறு வரை மெதுவாகப் போவோம். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் மதகுத் தூக்கல்களை எண்ணச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு லெவலும் ஸ்டாஃபும் டிபார்ட்மெண்டில் கேட்டு வாங்கி வருகிறேன். அந்த முதல் நாள் ரீடிங்கை ரப்பர் இல்லாமல் இன்னொரு தரம் எடுத்துப் பார்த்துவிடுவோம்.